கத்த வேண்டாம், திரும்பிப் பேசு

நான் அறுபதைத் தாண்டிய பிறகு, பேத்தி பேசுவது எனக்குப் பாதிதான் பிடிபட்டது. வீட்டில் எல்லோரும் குரலை உயர்த்தினார்கள். இரைச்சல் கூடியதே தவிர, சொல் விளங்கவில்லை. காது மருத்துவர் பரிசோதித்துவிட்டுக் காரணம் சொன்னார். வயதாகும்போது உள்காதில் உள்ள நுண்ணிய மயிர் செல்கள் அழிகின்றன. அதிர்வெண் மிகுந்த ஒலிகள்தாம் முதலில் கைவிட்டுப் போகும். ஸ், ஃப் போன்ற ஒலிகளும் குழந்தைகளின் கீச்சுக்குரலும் அந்த வகை. கத்துவதால் அவை தெளிவதில்லை.

அன்றிலிருந்து "சத்தமாகச் சொல்" என்பதை விட்டேன். "என் பக்கம் திரும்பி நிதானமாகச் சொல்லம்மா" என்கிறேன். பேச்சுத் தொடங்குமுன் தொலைக்காட்சியை அணைத்துவிடுகிறேன். கூட்டமான அறையில் முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும் இடமாகப் பார்த்து உட்காருகிறேன்.

காது கேட்கும் கருவியும் வந்தது. தொடக்கத்தில் காகிதம் மடிப்பதுகூட இடியாக விழுந்தது. அணியும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டியதில் பழகிவிட்டது. (பலர் அந்த முதல் எரிச்சலிலேயே அதை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள் என்பது என் சந்தேகம்.)

கேட்காததற்கும் தலையாட்டும் வழக்கத்தை ஒழிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. இப்போது "கடைசிச் சொல் மட்டும் விழவில்லை" என்று குறிப்பிட்டுக் கேட்கிறேன். பேத்தியும் அந்த ஒரு சொல்லை மட்டும் திருப்பிச் சொல்லிவிட்டு மேலே போகிறாள்.