செட்டர் தலையில் இருப்பதை விதிகளாக்குவது: பட்டறைக்கு ஓர் எக்ஸ்பர்ட் சிஸ்டம்

பெங்களூரு பீன்யாவில் சி.என்.சி. லேத் (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்) ஓடும் பட்டறைகளில் பீஸின் சைஸ் மாறத் தொடங்கினால் ஆப்பரேட்டர் முதலில் தேடுவது, மெஷினை வேலைக்குத் தயார்செய்து தரும் சீனியர் செட்டரைத்தான். அவர் நாலு கேள்வி கேட்பார், காரணத்தைச் சொல்லிவிடுவார். அந்தக் கேள்விகளையும் அவற்றின் வரிசையையும் கணினிக்குள் கொண்டுவந்தால் அது எக்ஸ்பர்ட் சிஸ்டம். நைட் ஷிஃப்டில் அவர் இல்லாவிட்டாலும் வேலை நிற்காது. மென்பொருளை வைத்து ஆரம்பிக்காதீர்கள். அது கடைசியில் வரும் சுலபமான பகுதி.

பிரச்சினையைச் சின்னதாக வெட்டுங்கள்

'மெஷின் கோளாறு எல்லாவற்றுக்கும்' என்று ஆரம்பித்தால் முடிக்கவே மாட்டீர்கள். ஒரு வகை மெஷின், ஒரு வகைப் புகார் போதும்: 'டர்னிங் சென்டரில் (சி.என்.சி. லேத்தில்) வெளிவிட்டம் நிலையாக வரவில்லை.' தேர்வு சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. செட்டர் இதைப் போனிலேயே, பத்து நிமிடத்துக்குள், கேள்வி கேட்டே தீர்த்துவிடுவாரா? தீர்ப்பார் என்றால் விதிகளாக்கலாம். 'நேரில் வந்து சத்தத்தைக் கேட்டாத்தான் தெரியும்' என்றால் அங்கே விதி உதவாது, சென்சார் வேண்டும். ஒரே கேஸுக்கு இரண்டு செட்டர்கள் இரண்டு காரணம் சொல்கிறார்கள், யார் சரி என்று அளந்து பார்க்கவும் வழியில்லை என்றால் அதையும் விட்டுவிடுங்கள்.

அறிவைக் கறப்பது

வேலையில் பாதிக்கு மேல் இங்கேதான் போகும். 1965இல் ஸ்டான்ஃபோர்டில் டென்ட்ரல் என்ற முன்னோடி எக்ஸ்பர்ட் சிஸ்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட்வர்ட் ஃபைகன்பாம், இந்தத் துறையின் கழுத்தை நெரிக்கும் இடம் இதுதான் என்று பிற்பாடு திரும்பத் திரும்ப எழுதினார்.

'தெரிஞ்சதெல்லாம் சொல்லுங்கண்ணா' என்று நோட்டோடு உட்கார்ந்தால் பாடப்புத்தகம்தான் கிடைக்கும்: டூல் பாக்கணும், ஜா (பீஸைப் பிடிக்கும் தாடை) பாக்கணும். அதை விட்டு, ரிஜெக்ஷன் ரெஜிஸ்டரிலிருந்து காரணம் உறுதியான 40 பழைய கேஸ்களை எடுங்கள். பத்தைத் தொடாமல் தனியே வையுங்கள், சோதனைக்குத் தேவைப்படும். மீதி முப்பதில் ஒவ்வொன்றுக்கும் புகாரை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அவர் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லி, கேள்விகளை வரிசை எண்ணோடு குறியுங்கள். ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் நீங்கள் இரண்டு கேளுங்கள்: 'இப்ப எதைச் சந்தேகப்படுறீங்க?' 'நான் வேற பதில் சொல்லியிருந்தா?' இரண்டாவதுதான் விதியின் மறுபாதியைக் கொண்டுவரும். ஓர் அமர்வு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், ஷிஃப்ட் முடிந்த களைப்பில் வேண்டவே வேண்டாம். பேச்சைப் பதிவு செய்யுங்கள். செட்டர் தர்மபுரிக்காரர் என்றால் தமிழில்தான் சரளமாக யோசிப்பார். ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் பாதி விஷயம் உதிர்ந்துவிடும்.

எவ்வளவு மாறுகிறது என்பதைவிட எப்படி மாறுகிறது என்றுதான் செட்டர்கள் முதலில் கேட்பார்கள்.

- பீஸுக்குப் பீஸ் மெல்ல ஏறிக்கொண்டே போனால் இன்சர்ட் (டூலின் வெட்டும் துண்டு) தேய்மானம். அதன் நுனியான நோஸ் தேயத் தேய வெட்டும் ஆழம் குறையும், வெளிவிட்டம் கூடும்.
- காலையில் மெஷினைப் போட்ட முதல் அரை மணி, ஒரு மணி நேரம் நகர்ந்து பிறகு நின்றுவிட்டால், ஸ்பிண்டிலும் (பீஸைச் சுழற்றும் தண்டு) பால்ஸ்க்ரூவும் (டூலை நகர்த்தும் திருகு) சூடாகிக்கொண்டிருந்தன. வார்ம்-அப் ஓட்டவில்லை.
- கூடியும் குறைந்தும் தாறுமாறாக வந்தால் இன்சர்ட் ஸ்க்ரூ, டர்ரெட் (டூல்களைத் தாங்கும் சுழல் தலை) கிளாம்ப், பேக்லாஷ் (திசை மாறும்போது அச்சில் தெரியும் தளர்வு). இவற்றுக்கு முன், அளப்பவரின் கை.
- திடீரென ஒரு படி மாறி அங்கேயே நின்றால் ஆஃப்செட்டை (டூலுக்குக் கொடுக்கும் திருத்த எண்ணை) யாரோ தொட்டிருக்கிறார்கள், அல்லது டர்ரெட் இடிபட்டிருக்கிறது.
- ஒரே பீஸில் ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்தால் டெய்ல்ஸ்டாக் (பீஸின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) அலைன்மென்ட், அல்லது நீள ஜாப் வளைகிறது.
- சக்கில் (பீஸைப் பிடிக்கும் பிடியில்) வட்டமாக இருந்து கழற்றினால் ஓவலானால், சுவர் மெல்லியது, சக் பிரஷர் அதிகம்.

செட்டர் சொல்லாமலே விடுவதும் உண்டு. எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 11 முதல் 12 மைக்ரான் நீளும். 100 மி.மீ. விட்டத்தை 10 டிகிரி சூட்டோடு அளந்தால் அதே 11–12 மைக்ரான் கூடுதலாகக் காட்டும். டாலரன்ஸ் 20 மைக்ரான் என்றால் பாதிக்கு மேல் போய்விட்டது. செட்டர் பீஸைக் கையில் எடுத்ததுமே சூட்டை உணர்ந்துவிடுவார், அதனால் அதை ஒரு கேள்வியாகவே நினைக்க மாட்டார். உங்கள் சிஸ்டத்துக்குக் கை இல்லை. 'ஆறிய பிறகு அளந்தீர்களா?' என்பது முதல் கேள்வியாக வர வேண்டும்.

தாளில் முதலில், பிறகு விதி

விதி எழுதுமுன் ஒரு அட்டவணை போடுங்கள்: அறிகுறி, காரணம், உறுதிப்படுத்தும் சோதனை, அதற்கு ஆகும் நிமிடம், தீர்வு. நிமிடம் குறைந்ததை முதலில் கேளுங்கள். மெஷினை நிறுத்தாமல் பதில் சொல்லக்கூடிய கேள்விகள் எல்லாம் தீர்ந்த பிறகே டயல் கேஜை (நுண்ணிய நகர்வை அளக்கும் கருவியை) எடுக்கச் சொல்ல வேண்டும். இந்த வரிசையைத் தவறவிட்ட சிஸ்டத்தை ஆப்பரேட்டர்கள் ஒரு வாரத்தில் மூடிவைத்துவிடுவார்கள்.

ஒரு விதி இப்படி இருக்கும்:

விதி 14: மாறும் விதம் தாறுமாறு, ஆறிய பிறகு அளந்தது, இன்சர்ட் ஸ்க்ரூ இறுக்கம் எனில், எக்ஸ் அச்சில் (டூல் பீஸை நோக்கி உள்ளே வெளியே போகும் திசை) பேக்லாஷ், நம்பிக்கை 0.6 (1 என்றால் முழு நிச்சயம்). சோதனை: டர்ரெட்டில் டயலை வைத்துச் சின்னப் படிகளாக ஒரு பக்கம் நகர்த்தித் திருப்புங்கள், எத்தனை படிக்கு முள் அசையாமல் நிற்கிறது? சொன்னவர், தேதி.

சோதனை வரியில் ஒரு எச்சரிக்கையும் சேருங்கள்: லேத்தில் எக்ஸ் பொதுவாக விட்டக் கணக்கு. டயலில் 5 மைக்ரான் பிளே (தளர்வு) என்றால் பீஸில் 10.

நம்பிக்கை எண்களைச் சேர்க்க, 1970களில் ஸ்டான்ஃபோர்டில் உருவான மைசின் என்ற மருத்துவ எக்ஸ்பர்ட் சிஸ்டம் பயன்படுத்திய வழி இன்றும் போதுமானது: முதல் எண்ணோடு, மீதியிருக்கும் இடைவெளியில் இரண்டாவது எண்ணின் பங்கைக் கூட்டுங்கள். 0.6, 0.5 இரண்டும் ஒரே காரணத்தைக் காட்டினால் 0.6 + 0.5 × 0.4 = 0.8. இரண்டு சாட்சியும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. 'சைஸ் ஏறுகிறது', 'ஆஃப்செட்டை அடிக்கடி குறைக்கிறோம்' என்ற இரண்டும் ஒரே விஷயம். இரண்டையும் எண்ணினால் சிஸ்டம் வீண் துணிச்சலோடு பேசும்.

ஒவ்வொரு கேள்விக்கும் 'தெரியாது' என்ற பதில் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் ஆப்பரேட்டர் ஏதாவது ஒன்றை அமுக்குவார், சிஸ்டம் அதை உண்மையென்று எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முடிவோடும் 'ஏன்' பொத்தானும் வேண்டும்: எந்த விதி, எந்தப் பதிலால். கேள்விகளைத் தமிழ், கன்னடம், இந்தி மூன்றிலும் தனிக் கோப்பில் வையுங்கள். விதிக்குள் வாசகத்தை எழுதினால் ஒரு சொல்லைத் திருத்த மூன்று இடம் தேட வேண்டிவரும்.

எஞ்சின்

விதிகளை ஓட்டும் மென்பொருள்தான் எஞ்சின். ஐம்பது விதிக்குள் என்றால் எக்செல் அட்டவணையும் ஒரு சிறு பைத்தான் நிரலும் போதும். அதற்கு மேல் போனால் க்ளிப்ஸ். 1985இல் நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் பிறந்தது, இலவசம். ஜாவா ஆட்கள் ட்ரூல்ஸ் எடுக்கலாம். க்ளிப்ஸின் அடியில் இருப்பது சார்லஸ் ஃபோர்ஜி வடித்த ரீட்டே முறை; எந்தத் தகவல் மாறியதோ அதைத் தொடும் விதிகளை மட்டும் மறுபடி பார்க்கும், அதனால் விதிகள் பெருகினாலும் வேகம் அவ்வளவாகக் குறையாது. க்ளிப்ஸில் விதிகளுக்கு முன்னுரிமை எண் கொடுக்கலாம். அதை அள்ளித் தெளிக்காதீர்கள். பாதி விதிகளுக்கு எண் கொடுக்க வேண்டியிருந்தால் நிபந்தனைகளை ஒழுங்காக எழுதவில்லை என்று பொருள்.

பிறகு பூட்டிவைத்த பத்து கேஸ்களை ஓட்டுங்கள். தவறியவற்றைச் செட்டரிடம் காட்டி, எந்தக் கேள்வி விடுபட்டது என்று கேளுங்கள். அந்த ஒரு கேஸுக்கென்றே ஒரு விதியை ஒட்டவைப்பதுதான் வழக்கமான குறுக்குவழி. அப்படி ஐந்து விதி சேர்ந்தால் எது எதை இழுக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வாக்ஸ் கணினி ஆர்டர்களைச் சரிபார்க்க டி.இ.சி. நிறுவனம் 1980களில் ஓட்டிய எக்ஸ்கான் என்ற எக்ஸ்பர்ட் சிஸ்டம் ஆயிரக்கணக்கான விதிகளாக வீங்கியது, பராமரிப்பே பெரும் வேலையானது. விதிக்குச் சொந்தக்காரர் ஒருவரும், மறுபடி பார்க்க ஒரு தேதியும் இருக்கட்டும். புது இன்சர்ட் கிரேடு வந்த அன்றே தேய்மான விதிகளைத் திறங்கள்.

மற்ற துறைகளில்

வங்கிக் கடன் தகுதி போன்றவற்றில் நம்பிக்கை எண்ணே வேண்டாம். விதி கறாரானது, முடிவு அட்டவணையே போதும், நிராகரித்த காரணத்தை எழுத்தில் தர முடிவதுதான் லாபம். டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்ச் சோதனை இன்னும் வசதியான களம்: கரைந்த வாயுவில் அசிட்டிலீன் ஏறினால் ஆர்க்கிங் (மின்பொறி), எத்திலீன் என்றால் கடும் சூடு, ஹைட்ரஜன் மட்டும் என்றால் பார்ஷியல் டிஸ்சார்ஜ் (இன்சுலேஷனுக்குள் சிறு மின்கசிவு). ஐ.இ.சி. 60599 தரநிலை வாயு விகிதங்களை அட்டவணையாகவே தருவதால் பாதி அறிவு கறக்காமலே கிடைக்கிறது. உங்கள் செட்டர்களுக்குப் பதில் அங்கே பராமரிப்பு எஞ்சினியரிடம் கேட்க வேண்டியது முந்தைய மாதிரியோடு எப்படி ஒப்பிடுகிறார் என்பதை மட்டுமே.

மருத்துவத்தில் நிதானம் தேவை. மைசின் நிபுணர்களோடு ஒப்பிட்ட சோதனையில் நன்றாகவே செய்தது, ஆனால் வார்டில் புழக்கத்துக்கு வரவில்லை. தவறினால் யார் பொறுப்பு என்ற கேள்வி ஒரு பக்கம். டாக்டர் உட்கார்ந்து நீண்ட கேள்விப் பட்டியலுக்குத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது மறுபக்கம். லேப் முடிவுகள் கணினியில் ஏற்கெனவே இருந்தால் அங்கிருந்தே எடுங்கள். மனிதரிடம் கேட்பது ஐந்தாறு கேள்விக்குள் அடங்கட்டும்.