ஒரு வழக்கு, பல லட்சம் மின்னஞ்சல்: இ-டிஸ்கவரியில் ரெவ்யூ செய்வது எப்படி?

அமெரிக்க சிவில் வழக்குகளில் விசாரணைக்கு முன்பே எதிர்த்தரப்பு கேட்கும் ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும். தனக்குப் பாதகமான ஆவணத்தையும் மறைக்க முடியாது. இதற்குப் பெயர் டிஸ்கவரி. அந்த ஆவணங்கள் மின்னஞ்சலாகவோ எக்செல் கோப்பாகவோ போனில் உள்ள குறுஞ்செய்தியாகவோ இருந்தால் அது இ-டிஸ்கவரி. 2006 டிசம்பரில் அங்குள்ள கூட்டாட்சி சிவில் நடைமுறை விதிகளிலேயே மின்னணுத் தகவலையும் சேர்த்துவிட்டார்கள்.

இந்த ஆவணங்களைப் படித்து, எதைக் கொடுக்க வேண்டும், எதைக் கொடுக்கக் கூடாது என்று பிரிப்பதுதான் ரெவ்யூ. இந்த வேலையில் ஒரு பங்கு சென்னைக்கும் வருகிறது. சட்டம் முடித்துவிட்டு ரெவ்யூ டீமில் புதிதாகச் சேர்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மென்பொருள் எதை எடுத்துக் கொடுத்தது என்று பார்ப்பது பாதி வேலைதான். எதை விட்டுவிட்டது என்று பார்ப்பது மீதி வேலை.

1. எதுவும் அழியாமல் நிறுத்தி வையுங்கள்

வழக்கு வரும் என்று தெரிந்தவுடனே, சம்பந்தப்பட்ட ஊழியர்களுக்கு 'எதையும் அழிக்காதீர்கள்' என்று எழுத்தில் அறிவிப்பு போக வேண்டும். இதை லிட்டிகேஷன் ஹோல்டு என்பார்கள். நியூயார்க்கில் லாரா ஜூபுலேக் என்ற ஊழியர் யுபிஎஸ் வங்கி மீது பாலினப் பாகுபாடு வழக்குத் தொடுத்தார். வங்கி ஊழியர்கள் சில மின்னஞ்சல்களை அழித்திருந்தது தெரிந்ததும், அவை வங்கிக்குப் பாதகமானவை என்று ஜூரி கருதலாம் என நீதிபதி ஷீரா ஷைண்ட்லின் 2004-இல் சொல்லிவிட்டார். மறு ஆண்டு ஜூரி கொடுக்கச் சொன்ன தொகை 2.9 கோடி டாலருக்கும் மேல்.

சேகரிக்கும்போதும் கவனம் வேண்டும். ஒரு மின்னஞ்சலை ஃபார்வர்டு செய்து வாங்கினால் அது சேகரிப்பு ஆகாது. யார், எப்போது அனுப்பினார் என்ற மெட்டாடேட்டா அதில் மாறிவிடும்.

2. குவியலைக் குறையுங்கள்

ஒரே மின்னஞ்சல் இருபது பேரின் பெட்டியில் இருக்கும். இருபது முறை படிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு கோப்புக்கும் மென்பொருள் ஒரு ஹாஷ் மதிப்பு கணக்கிடும். கைரேகை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் அது மாறிவிடும். மதிப்பு ஒன்றாக இருந்தால் நகல் என்று ஒதுக்கிவிடலாம். (நம் ஊரிலும் இது வந்துவிட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும்.) அப்புறம் தேதி வரம்பு போடுங்கள். பதிலுக்குப் பதில் என்று நீளும் மின்னஞ்சல்களை ஒரே சங்கிலியாகக் கோத்துக்கொள்ளுங்கள்.

3. சொல்லைத் தேடும் முன் ஆளைக் கேளுங்கள்

புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். 'மோசடி' பற்றிய வழக்கு என்றால் அந்தச் சொல்லைத் தட்டித் தேடுவோம். ஆனால் மோசடி செய்கிறவர் அப்படியா எழுதுவார்? கலிஃபோர்னியா மின் நெருக்கடியின்போது என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்தின் வர்த்தகர்கள் தங்கள் உத்திகளுக்கு ஃபேட் பாய், ரிக்கோஷே என்றெல்லாம் செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் தெரியாதவருக்கு அந்த மின்னஞ்சல் கண்ணில் படாது.

1985-இல் பிளேர், மேரன் என்ற இரு ஆய்வாளர்கள் இதை அளந்தே காட்டினார்கள். விபத்து வழக்கு ஒன்றில் சுமார் 40,000 ஆவணங்கள். தொடர்புடையவற்றில் குறைந்தது 75 சதவீதத்தைத் தேடி எடுத்துவிட்டதாக வழக்கறிஞர்கள் நம்பினார்கள். உண்மையில் கிடைத்தது 20 சதவீதம்தான். ஒரு தரப்பார் 'விபத்து' என்று எழுதியதை, இன்னொரு தரப்பார் 'சம்பவம்', 'பிரச்சினை' என்றெல்லாம் எழுதியிருந்தார்கள்.

அதனால் முதலில் அந்த நிறுவனத்தில் வேலை செய்தவர்களிடம் பேசுங்கள். சுருக்கப் பெயர், எழுத்துப் பிழை, ப்ராஜெக்ட் பெயர் எல்லாவற்றையும் பட்டியலில் சேருங்கள்.

4. கோடிங்: ஆவணத்துக்கு டேக் போடுவது

ரெலேட்டிவிட்டி, எவர்லா போன்ற தளங்களில் திரையின் ஒரு பக்கம் ஆவணமும் இன்னொரு பக்கம் டேக் செய்யும் பட்டியலும் இருக்கும். தொடர்புடையதா? வழக்கறிஞர்–கட்சிக்காரர் ரகசியமா? முக்கிய ஆவணமா? 'தொடர்புடையது' என்றால் என்ன என்பதை உங்கள் டீம் எழுத்தில் வைத்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஊகிக்காமல் கேளுங்கள்.

5. இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுங்கள்

நீங்கள் போடும் டேக்குகளைப் பார்த்து மென்பொருள் மீதி ஆவணங்களை வரிசைப்படுத்தும். இதை டெக்னாலஜி அசிஸ்டட் ரெவ்யூ, சுருக்கமாக டிஏஆர் என்பார்கள். 30 லட்சம் மின்னஞ்சல் இருந்த ஒரு வழக்கில் 2012-இல் நீதிபதி ஆண்ட்ரூ பெக் இதை ஏற்றுக்கொண்ட பிறகு பலருக்கும் துணிச்சல் வந்தது. நீங்கள் தப்பாக டேக் செய்தால் அதுவும் தப்பாகத்தான் கற்றுக்கொள்ளும்.

6. ஒதுக்கியதைத் திரும்பிப் பாருங்கள்

தொடர்புடையவை என்று 9,000 எடுத்துவிட்டீர்கள், 1,00,000 ஒதுக்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒதுக்கியதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 1,500 எடுத்துப் படியுங்கள். அதில் 15 தொடர்புடையவை என்றால் 1 சதவீதம். அப்படியானால் மொத்தக் குவியலில் சுமார் 1,000 தப்பியிருக்கிறது. மொத்தம் 10,000-இல் 9,000 பிடித்திருக்கிறீர்கள், அதாவது 90 சதவீதம். அதே 1,500-இல் 45 கிடைத்தால்? 3,000 தப்பியிருக்கிறது, நீங்கள் பிடித்தது 75 சதவீதம்தான். இந்தக் கணக்கை விட்டுவிடாதீர்கள். நீதிபதி கேட்டால் காட்ட நம்மிடம் இருக்கும் ஆதாரம் இதுதான்.

7. கொடுப்பதற்கு முன்

ரகசிய ஆவணங்களை மறுபடி சரிபாருங்கள். மேரிலாந்தில் 2008-இல் வந்த விக்டர் ஸ்டான்லி வழக்கில், சொல் தேடலை நம்பி 165 ரகசிய ஆவணங்களை எதிர்த்தரப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். சரியாகச் சோதிக்கவில்லை என்பதால் ரகசியப் பாதுகாப்பே போய்விட்டது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொடுக்காமல் வைத்துக்கொள்ளும் ரகசிய ஆவணங்களுக்குத் தனிப் பட்டியல் தர வேண்டும். கொடுக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் பேட்ஸ் எண் என்ற வரிசை எண் போட வேண்டும்.

வீட்டிலேயே பழக வேண்டும் என்றால் என்ரானின் மின்னஞ்சல்களே இருக்கின்றன. விசாரணையின்போது அமெரிக்க எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்டவை, சுமார் 150 பேருடையவை, 5 லட்சம் இருக்கும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு தேடுங்கள். தேடலில் சிக்காதவற்றிலிருந்து ஒரு நூறை எடுத்து உட்கார்ந்து படியுங்கள். உங்கள் சொல் பட்டியலில் என்னென்ன இல்லை என்பது அதில் தெரிந்துவிடும்.