கன்னத்துக் குழிக்குள் பல்லும் எலும்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் மூக்கு ஒழுகினால் முதலில் பழி ஏற்பது கடற்காற்று. அடுத்து நொச்சித்தழை ஆவி. ஒரு வாரத்தில் தெளியும் சளிக்கு அது போதும். ஆனால் ஒரே பக்க மூக்கில் மாதக்கணக்கில் சீழ் வடிந்து, அதன் நாற்றம் நோயாளிக்கே தெரியும்போதும், பீனிசம் என்று முடிவுகட்டி மாத்திரைகளை மாற்றி மாற்றி விழுங்குவதே நான் காணும் தவறுகளில் பெரியது.

இதற்குக் காரணம் பல்லாகவும் இருக்கலாம். மேல் கடைவாய்ப் பற்களின் வேர்நுனிக்கும் மேல்தாடைச் சைனஸின் (கன்னத்து எலும்புக்குள் உள்ள காற்றுக்குழியின்) தரைக்கும் இடையில் இருப்பது மெல்லிய எலும்புத் தகடு. சிலருக்கு வெறும் சவ்வுதான். முளைக்க வழியற்ற பல், பெரும்பாலும் ஞானப்பல், அரிதாக அந்தக் குழிக்குள் அமைந்துவிடுகிறது. அதைச் சுற்றி நீர்க்கட்டி வளர்ந்தால், கட்டியே பல்லைக் கண்குழியின் அடித்தளம் வரை தள்ளிவிடக்கூடும். வாயைத் திறந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. 'அந்தப் பல் எனக்கு முளைக்கவே இல்லை' என்ற நோயாளியின் பேச்சுதான் தடயம். அதைக் கேட்காமல் விடுவது மருத்துவர்களான எங்கள் தரப்புத் தவறு. ஜிப்மரும் மகாத்மா காந்தி பட்டமேற்படிப்பு பல் மருத்துவ நிறுவனமும் புதுச்சேரியின் கோரிமேட்டிலேயே இருக்க, மூக்குக்கு ஓரிடம், பல்லுக்கு வேறிடம் என்று தனித்தனியே அலைந்து, ஒரு படத்தை மற்றவரிடம் காட்டாமலே விடுவோரும் உண்டு.

படத்தில் வெண்மையாக இருப்பதெல்லாம் பல்லும் அல்ல. பல்லென்றால் எலும்பைவிடப் பளிச்சென்ற எனாமல் ஓரமும் நடுவே கூழறையின் (நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள உட்குழியின்) கருமையும் தெரியும். ஆஸ்டியோமா எனும், புற்றல்லாத எலும்புக் கட்டி விளிம்பு தெளிந்த வெண்கட்டியாகவும், நார்த்திசு எலும்பு வளர்ச்சி தேய்த்த கண்ணாடி போல மங்கலாகவும் தோன்றும். பூஞ்சை உருண்டையும் ஏமாற்றும். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் ஓபிஜி (முழுத்தாடை எக்ஸ்ரே) படத்தை மட்டும் நம்பாமல், சிடி ஸ்கேன் அல்லது சிபிசிடி (பல், தாடைக்கான முப்பரிமாண ஸ்கேன்) எடுத்தே தீர்மானிக்க வேண்டும். ஒருவருக்குப் பல ஆஸ்டியோமாக்களும் கூடுதல் பற்களும் சேர்ந்திருந்தால், கார்ட்னர் நோய்த்தொகுதி எனும் பரம்பரை நோயை நினைத்துப் பெருங்குடலையும் பரிசோதிக்க வேண்டும். அங்குள்ள பாலிப்புகள் (உட்சுவரில் வளரும் சதை முளைகள்) புற்றாக மாறுபவை.

சீழை மட்டும் கழுவி, காரணமான பல்லை உள்ளேயே விட்டால் நோய் திரும்பும். 1893இல் கால்ட்வெல்லும் 1897இல் லூக்கும் விவரித்த, உதட்டின் உட்புறம் கீறும் முறை இன்றும் பயன்படுகிறது. பல இடங்களில் மூக்கு வழியே குழாய்க் கேமராவை விட்டுச் செய்யும் எண்டாஸ்கோப்பியே போதும். மாறாக, தொல்லை தராத சிறு ஆஸ்டியோமாவுக்கு அவசர அறுவை வேண்டாம், கண்காணித்தால் போதும். அது வளர்கிறதா என்பது பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும். ஆகவே அந்தப் படத்தை உறையோடு பீரோவில் வைத்து, அடுத்த முறை வரும்போது கையோடு கொண்டுவாருங்கள்.