பிக்கப் வண்டிக்கு முன் பிரேக் பேடு மாற்றுவது எப்படி? கரும்பொடியில் இருந்தே தொடங்குவோம்

பொலிரோ பிக்கப், யோதா, தோஸ்த் மாதிரியான லோடு வண்டிகளில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் பேடு சீக்கிரம் தேய்கிறது என்று முன் பேடை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் நம் பக்கம் நிறைய. ஆனால் பல வண்டிகளில் கோளாறு இருப்பது பின் டிரம்மில்தான். அது செய்யாத வேலையையும் முன் பேடு சேர்த்துச் சுமக்கிறது. அதனால் பேடு மாற்றும் முறையோடு, அது ஏன் தேய்ந்தது என்று கண்டுபிடிக்கும் வழியையும் இங்கே சேர்த்தே சொல்கிறோம். காரணம் தெரியாமல் போடும் புது பேடும் பழையது போன வழியிலேயே போகும்.

கழுவும் முன் பாருங்கள்

சக்கரத்தில் படியும் கரும்பொடி பேடில் இருந்து மட்டும் வருவதில்லை. பேடும், வார்ப்பிரும்பால் ஆன டிஸ்க்கும் சேர்ந்தேதான் தேய்கின்றன. அந்த இரும்புத்தூள் சூட்டோடு ரிம்மில் ஒட்டி, ஈரம் பட்டதும் துருவாகிப் பிடித்துக்கொள்ளும். திசையன்விளை, இட்டமொழி பக்கம் ஓடும் வண்டியில் தேரி மண்ணும் (செம்மணல்) சேர்ந்துகொள்ளும். தண்ணீர் ஊற்றினால் தேரி மண் ஓடிவிடும். பிரேக் பொடி தேய்த்தால்தான் போகும்.

இரண்டு முன் சக்கரத்திலும் ஒரே அளவு காய்ந்த பொடி இருந்தால் கவலை இல்லை. ஒரு பக்கம் மட்டும் அப்பிக் கிடந்தால் அந்தப் பக்கத்து பேடு டிஸ்க்கை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே ஓடுகிறது என்று சந்தேகப்படுங்கள். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியதும் இரண்டு ரிம்முக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோனாலே சூட்டு வித்தியாசம் தெரியும். டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள், தோல் உரிந்துவிடும். பொடி பிசுபிசு என்று ஈரமாக இருந்தால் பிரேக் ஆயிலோ, ஹப் கிரீஸோ கசிகிறது. கசிவை நிறுத்தாமல் புது பேடு போடுவது வீண். ஆயில் குடித்த பேடை எதைக் கொண்டு கழுவினாலும் பழைய பிடிப்பு வராது.

பிரேக் போடும்போது கீச்சென்ற சத்தம் வந்தால், பேடில் இருக்கும் எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொட ஆரம்பித்திருக்கலாம். கரகர என்று அரைக்கும் சத்தம் வந்தால் பேடு முழுவதும் தீர்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறது. அந்த வண்டியில் லோடு ஏற்றவே கூடாது.

என்னென்ன வேண்டும்

முன் பேடு ஒரு செட்டு, அதாவது நாலு பேடு. கடையில் வண்டியின் மாடலையும் வருடத்தையும் சொல்லுங்கள். பழைய பேடு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பார்த்து வாங்குவது இன்னும் நல்லது. "அண்ணாச்சி, பொடி கம்மியா வர்ற பேடு குடுங்க" என்று கேட்டு வாங்காதீர்கள். லோடு வண்டிக்கு ரிம் சுத்தமாக இருப்பது முக்கியமில்லை, சூட்டில் பிடிப்பு விடாமல் இருப்பதுதான் முக்கியம். கம்பெனி சொன்ன தரத்திலேயே வாங்குங்கள்.

பிரேக் ஆயில் 500 மி.லி. வண்டியில் பிரேக் ஆயில் ஊற்றும் டப்பாவின் மூடியில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ போட்டிருக்கும், அதையே வாங்க வேண்டும். டாட் 5 சிலிக்கான் வகை, இவற்றோடு சேராது. பிரேக் கிளீனர் ஸ்பிரே ஒரு டப்பா, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ், சி கிளாம்ப், கம்பி பிரஷ், 120 நம்பர் உப்புத்தாள், தடிமன் அளக்கும் வெர்னியர், கட்டுக்கம்பி ஒரு முழம், பனியன் வேஸ்ட், கையுறை, என்95 மாஸ்க். ஸ்பேனர் அளவு வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் ரிங் ஸ்பேனர் செட்டாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்டாண்டு கட்டாயம் வேண்டும்.

மாஸ்க்கைச் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. பிரேக் பொடி மிக நுண்ணியது, நேராக நுரையீரலுக்குள் போகும். பழைய, மலிவான லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ்கூட இருக்கலாம். பஞ்சர் கடைக் காற்றுக் குழாயை வாங்கி 'புஸ்' என்று ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், பக்கத்தில் வேலை பழகும் பையனையும் செய்ய விடாதீர்கள். நனைத்துத் துடைப்பதுதான் சரியான வழி.

படி 1: தூக்கி நிறுத்துவது

லோடு இறக்கிய, சூடு ஆறிய வண்டியாக இருக்க வேண்டும். சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்துங்கள். மண் தரை என்றால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடித்த பலகை போடுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை பார்க்கக் கூடாது.

படி 2: கழற்றுவது

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். ஒன்றில் குழம்பினால் மறுபக்கத்தைப் பார்த்து மாட்டிக்கொள்ளலாம். கழற்றும் முன் போன் கேமராவில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கிளீனரை அடித்து, கீழே தட்டு வைத்து, பொடியை நனைத்து இறக்குங்கள். பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிபரின் கீழ் போல்ட்டைக் கழற்றினால் பெரும்பாலான வண்டிகளில் காலிபர் மேலே மடங்கும். முழுவதும் கழற்ற வேண்டி வந்தால் கட்டுக்கம்பியால் சஸ்பென்ஷனில் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கினால் உள்ளே கிழிந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. அப்படிக் கிழிந்த ஹோஸ் பிரேக் ஆயிலைப் போக விடும், திரும்பி வர விடாது. அந்தப் பக்கத்து பேடு எந்நேரமும் உரசிக்கொண்டே இருக்கும்.

படி 3: அளப்பதும், தேய்மானத்தைப் படிப்பதும்

இங்கே அவசரப்படாதீர்கள். நாலு பேடையும் எந்தப் பக்கம், உள்ளா வெளியா என்று குறித்து வரிசையாக வைத்து, பின்தகட்டை விட்டுவிட்டு உராய்வுப் பொருளை மட்டும் வெர்னியரில் அளங்கள். புதிதில் 10 மி.மீ. அளவில் இருக்கும். 3 மி.மீ. வந்தாலே மாற்றிவிடுங்கள். புளியரை மலைப்பாதையின் எஸ் வளைவில் வாழைத்தாரோடு இறங்கும் வண்டிக்கு 4 மி.மீ.யிலேயே மாற்றுவது நல்லது. மெல்லிய பேடு சூட்டைத் தாங்காமல் காலிபருக்குள் இருக்கும் பிஸ்டனுக்கும் பிரேக் ஆயிலுக்கும் கடத்திவிடும். ஆயில் கொதித்தால் பெடல் தரையைத் தொடும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது; ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். மழையும் கடற்காற்றும் படும் நம் பக்கத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றியே ஆக வேண்டும்.

உள் பேடு அதிகமாகத் தேய்ந்து வெளிப் பேடு அப்படியே இருந்தால் காலிபர் வழுக்கி நகர உதவும் கம்பியான சிலைடு பின் இறுகிவிட்டது, அல்லது பிஸ்டன் சிக்குகிறது. ஒரே பேடு சாய்வாகத் தேய்ந்திருந்தாலும் முதலில் சிலைடு பின்னைத்தான் பாருங்கள். வாட்டர் சர்வீஸில் பீச்சி அடிக்கும் தண்ணீர் அதை மூடியிருக்கும் ரப்பர் உறையின் (பூட்) கிழிசல் வழியே புகுந்து, சிலைடு பின் துருப்பிடிப்பது அடிக்கடி நடக்கும். பேடு முகம் பளபளவென்று இறுகிக் கிடந்தால் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. இறக்கத்தில் கியரை விட்டுவிட்டுப் பிரேக்கிலேயே இறங்கியதன் அடையாளம் அது. ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர்தான்.

நாலு பேடும் ஒரே சீராக, ஆனால் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகத் தேய்ந்திருந்தால் குற்றம் பெரும்பாலும் முன்பக்கத்தில் இல்லை. கடைசியில் வரும் பின் டிரம் பகுதியை உங்களுக்காகத்தான் எழுதியிருக்கிறோம்.

டிஸ்க்கையும் அளங்கள். குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தாலோ, விரிசல் கண்டாலோ, டிஸ்க்கை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். நகத்தை ஓட்டும்போது சிக்குகிற அளவு கோடு விழுந்திருந்தால் லேத்தில் முகம் வெட்டலாம். வெட்டிய பிறகும் அந்த அளவுக்கு மேலே இருக்க வேண்டும். ராதாபுரம், பணகுடி பக்கம் குவாரி, எம்-சாண்ட் லோடு அடிக்கும் வண்டிகளில் கல்தூள் பேடில் பதிந்து இப்படிக் கோடு போடுவது சகஜம்.

படி 4: சுத்தம் செய்து மாட்டுவது

சிலைடு பின்களை உருவி, பழைய கிரீஸைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள். சாதாரண வீல் கிரீஸ் வேண்டாம். ரப்பர் பூட் ஊதிப்போய் பின் இறுகிவிடும். விரலால் தள்ளினால் பின் வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும். பேடு உட்காரும் கிளிப்புகளைக் கம்பி பிரஷால் துருப் போகத் தேயுங்கள்.

அடுத்து பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். அதற்கு முன் ஆயில் டப்பா மூடியைத் திறந்து, நிறைய இருந்தால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பிஸ்டன் உள்ளே போகப் போக ஆயில் மேலே ஏறி வழியும். பெயிண்டில் பட்டால் உரித்துவிடும். பட்டதும் தண்ணீர் ஊற்றுங்கள். பழைய பேடைப் பிஸ்டன் மேல் வைத்து, சி கிளாம்பை மெதுவாக முறுக்குங்கள். இரட்டைப் பிஸ்டன் காலிபர் என்றால் ஒன்றைத் தள்ளும்போது மற்றொன்று வெளியே வரப் பார்க்கும். அதற்கு ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுங்கள், அல்லது இரண்டின் மேலும் ஒரே பட்டையை வைத்துச் சேர்த்துத் தள்ளுங்கள். முறுக்கியும் அசையாத பிஸ்டனோடு மல்லுக்கட்டாமல் காலிபரைப் பட்டறையில் கிட் (புது சீல் செட்) போடக் கொடுத்துவிடுங்கள்.

டிஸ்க்கின் இரண்டு முகத்தையும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, கிளீனர் அடித்துத் துடையுங்கள். புது பேடின் முகத்தைக் கிரீஸ் கையால் தொடாதீர்கள். எச்சரிக்கைத் தகடு உள்ள பேடு பழையது எந்தப் பக்கம் இருந்ததோ அங்கேயே வர வேண்டும். காலிபரை இறக்கி, போல்ட்டை மேனுவலில் சொன்ன டார்க்கில் (இறுக்கும் அளவில்) இறுக்குங்கள். சக்கர நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கி, சக்கரம் தரையில் பட்ட பிறகு முழு இறுக்கம் கொடுங்கள்.

இரண்டு பக்கமும் முடிந்ததும், வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். இதை மறந்தால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது. ஆயில் அளவைச் சரிபாருங்கள். பெடல் பஞ்சு போல அமுங்கினால் காற்று இருக்கிறது, பிளீடிங் (காற்றை வெளியேற்றுவது) செய்யாமல் ரோட்டுக்குப் போக வேண்டாம்.

படி 5: பேடைப் பதப்படுத்துவது

ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ரோட்டில், காலி வண்டியோடு 50 கி.மீ. வேகத்தில் போய், மிதமாகப் பிரேக் பிடித்து 10 கி.மீ. வரை குறையுங்கள். முழுவதும் நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுத்து, அரை நிமிடம் ஆற விட்டு, திரும்பச் செய்யுங்கள். எட்டுப் பத்து முறை போதும். கடைசியில் சில கிலோமீட்டர் பிரேக் தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள். முதல் 200 கி.மீ.க்குக் கனத்த லோடும் மலை இறக்கமும் வேண்டாம்.

பின் டிரம்: பேடு தின்னும் உண்மையான காரணம்

லோடு ஏறியதும் எடை பின்னால் சாய்கிறது. அப்போது பின் பிரேக் நன்றாகப் பிடிக்க வேண்டும். அதற்காகத்தான் பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே எல்.எஸ்.பி.வி. என்ற வால்வு இருக்கிறது. லோடில் சேசிஸ் தாழ்வதைக் கம்பி வழியாக உணர்ந்து, பின் பிரேக்குக்குப் போகும் ஆயில் அழுத்தத்தை அது கூட்டும்.

கூடுதல் லோடு அடிப்பதற்காக ஸ்பிரிங் பட்டை சேர்க்கிறோம். அதன் பிறகு எவ்வளவு ஏற்றினாலும் சேசிஸ் அதிகம் தாழாது. வால்வு வண்டி காலி என்றே எடுத்துக்கொண்டு பின் அழுத்தத்தைக் குறைத்தே வைக்கும். மொத்தச் சுமையும் முன் பேடின் தலையில் விழும். பட்டை சேர்த்தால் வால்வின் கம்பி அளவை மேனுவல்படி மறுபடி வைக்க வேண்டும். கம்பியைக் கழற்றிவிடுவதும், வால்வைக் கட்டிப் போடுவதும் ஆபத்து. காலி வண்டியில் மழைநாளில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடும்.

பிறகு டிரம்மைப் பாருங்கள். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, டிரம்மின் பின்தட்டில் இருக்கும் ரப்பர் அடைப்பை எடுத்தால், உள்ளே ஷூவில் இருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் தெரியும். ஒட்டிய லைனிங் 2 மி.மீ.க்குக் கீழே வந்தாலோ, ஆணி அடித்த வகையில் ஆணித்தலை லைனிங் மட்டத்துக்கு நெருங்கி வந்தாலோ மாற்ற வேண்டும். லைனிங் நன்றாக இருந்தும் ஹேண்ட் பிரேக் வழக்கத்தைவிட மேலே வருகிறதென்றால், ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் துருவில் உறைந்து, அந்த இடைவெளி கூடியிருக்கிறது. உவரி, கூடங்குளம் பக்கம் மீன் லோடு ஏற்றும் வண்டிகளில் உப்புத் தண்ணீர் வடிந்து இது சீக்கிரமே வரும். அட்ஜஸ்டரைக் கழற்றித் துரு நீக்கி மாட்டி, சக்கரம் லேசாக உரசும் வரை முறுக்கி, உரசல் போகும் அளவு திருப்பிவிடுங்கள். ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையைத் தூக்கிப் பார்க்கும்போது உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டரை மாற்றுங்கள்.

வாட்டர் சர்வீஸில் அடிப்பக்கம் டீசல் அடிக்கச் சொன்னால், டிஸ்க்கிலும் டிரம்மிலும் படக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். மலை இறங்கிய சூட்டோடு ரிம்மில் பச்சைத்தண்ணீர் அடிக்க விடாதீர்கள், டிஸ்க் கோணிவிடும். ரிம்முக்குச் சாதாரண ஷாம்பூ தண்ணீரும் பிரஷும் போதும், ஆசிட் வேண்டாம்.

பேடு மாற்றி 100 கி.மீ. ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். அதன் பிறகு 5,000 கி.மீ.க்கு ஒருமுறை முன் பேடும் பின் லைனிங்கும் எத்தனை மி.மீ. என்று அளந்து, தேதி போட்டு வண்டி நோட்டில் எழுதி வையுங்கள். முன்பக்கம் மட்டும் வேகமாக இறங்குகிறதா என்பது அந்த நோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.