கிட்டார் சுருதி நிற்கவில்லையா? கீயைக் கழற்றாதீர்கள்

ஆடி பிறந்தால் வட சென்னையில் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் மேடை. டிசம்பர் வந்தால் ராயபுரம், பெரம்பூர் பக்கம் கேரல் ரவுண்டு. இந்த இரண்டு சீசனுக்கும் கொஞ்சம் முன்னால் எங்கள் பட்டறைக்கு வருகிற எலக்ட்ரிக் கிட்டார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே புகார்தான். "ணா, ட்யூன் நிக்கவே மாட்டேங்குதுணா."

புகார் மட்டும் இல்லை, பையன்கள் வீட்டில் தாங்களாகச் செய்து பார்த்துவிட்டு வரும் வைத்தியமும் ஒரே மாதிரி. நான் கற்றுக்கொண்ட நாளில் செய்த அதே கூத்துகள். கம்பி பழசு, ட்யூனரில் (சுருதி காட்டும் கருவி) பேட்டரி போய்விட்டது மாதிரி சங்கதிகளை இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த மாதிரி இருந்து தப்பாகப் போகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

கீயை மாற்றுவது

சுருதி இறங்குகிறது என்றதும் எல்லோருடைய கண்ணும் போவது, தலையில் கம்பியை இறுக்கும் கீ மேல்தான். நாம் திருகுவது அதைத்தானே, அப்போ நழுவுவதும் அதுவாகத்தான் இருக்கும் என்று ஒரு கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கீக்குள் இருப்பது வார்ம் கியர். நீங்கள் திருகினால் பல்சக்கரம் சுற்றும். கம்பி எவ்வளவு இழுத்தாலும் அந்தச் சக்கரத்தால் திருகைப் பின்னால் சுற்ற முடியாது. 25.5 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) உள்ள கிட்டாரில் 10-46 செட் (மெல்லிய கம்பியின் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு, தடித்ததன் தடிமன் 46 பங்கு) போட்டு வழக்கமான சுருதிக்கு ஏற்றினால் ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 47 கிலோ இழுக்கும். அந்த இழுப்பிலும் கீ அசையாது. பல் தேய்ந்த கீ இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. இருந்தால் திருகும்போதே விரலுக்குத் தெரிந்துவிடும்.

பெரும்பாலான நேரம் குற்றவாளி நட். கழுத்து முடிந்து தலை ஆரம்பிக்கும் இடத்தில் ஆறு காடி வெட்டிய ஒரு சின்ன வெள்ளைக் கட்டை இருக்கிறதே, அதுதான். கம்பி அந்தக் காடியில் தாராளமாக வழுக்கிப் போய் வர வேண்டும். காடி குறுகலாகவோ சொரசொரப்பாகவோ இருந்தால் கம்பி அங்கே கவ்விக்கொள்ளும். பைக்கில் கிளட்ச் கேபிள் உறைக்குள் சிக்கிக்கொண்டால் லீவரை மாற்றி என்ன ஆகப் போகிறது? அதே கதைதான்.

கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. கம்பியை மெதுவாக ஏற்றிக்கொண்டே வாருங்கள். ட்யூனரில் முள் நகராமல் நின்று, திடீரென்று "டிங்" என்று ஒரு சத்தத்தோடு ஒரு தாவு தாவினால் அது நட்டில் சிக்கிக்கொண்டிருந்து விடுபட்ட சத்தம். இன்னொரு சோதனை: சுருதி சேர்த்துவிட்டு மூன்றாம் கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளி நன்றாக ஒரு பெண்டு கொடுத்து விடுங்கள். சுருதி இறங்கியிருக்கிறதா? இப்போது கீயைத் தொடாமல், நட்டுக்கும் கீக்கும் நடுவில் உள்ள கம்பியை விரலால் ஒரு அழுத்து அழுத்தி விடுங்கள். சுருதி பழைய இடத்துக்கு ஏறி வந்தால் வழக்கு முடிந்தது. பெண்டு கொடுத்தபோது கீ பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்த கம்பி திரும்பிப் போக முடியாமல் நட்டில் மாட்டியிருக்கிறது. வாமி பாரை (சுருதியை ஏற்றி இறக்க ஆட்டும் கைப்பிடி) அமுக்கி விட்டபின் சுருதி இறங்காமல் ஏறி நிற்கிறது என்றாலும் இதே நட்தான். சிக்குகிற திசை மட்டும் வேறு.

பக்கத்துக்கு மூன்று கீயாக உள்ள தலையில் இந்தத் தொந்தரவு இன்னும் அதிகம். நடுவில் உள்ள டி, ஜி கம்பிகள் (நான்காவது, மூன்றாவது) நட்டைத் தாண்டியதும் வெளிப்பக்கம் வளைந்து போகின்றன. தலையும் பின்னால் சாய்ந்திருக்கும். அதனால்தான் ஜி கம்பிக்கு ஊரெல்லாம் கெட்ட பெயர்.

வியாசர்பாடித் தம்பி ஒருவன், ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கிறான். 9-42 போட்டு நன்றாக இருந்த கிட்டாரில், சத்தம் தடியாக வரட்டும் என்று 10-46 மாட்டியிருக்கிறான். அன்றிலிருந்து சுருதி நிற்கவில்லை. 42-க்கு வெட்டிய காடியில் 46 போய் உட்கார்ந்தால் எப்படி நிற்கும்? ஒரு கடையில் கேட்டிருக்கிறான். "லாக்கிங் கீ போட்டுட்டா லைஃப் லாங் பிரச்சினை இல்ல" என்று சொல்லிவிட்டார்கள். கம்பியைத் தண்டிலேயே கவ்விப் பிடிக்கும் கீ அது. புதுக் கீயின் தண்டு பெரிது, பழைய துளை சிறிது. அதற்கு மரத்தச்சர் வைத்திருக்கிற டிரில்லைப் போட்டுத் துளையைப் பெரிதாக்கி, ஒன்று கோணலாகி, மரத்தின் ரேகை ஓடுகிற வாக்கிலேயே தலையில் ஒரு விரிசல். கிட்டார் விலையில் பாதிக்கு மேல் செலவு. எல்லாம் முடிந்து மாட்டிப் பார்த்தால் ஜி கம்பி அதே மாதிரி "டிங்". அந்தக் கிட்டாரை என் மேசை மேல் வைத்தபோது எனக்கு வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. அவன் மேல் இல்லை. நட்டை ஒரு தடவை விரலால் தொட்டுக்கூடப் பார்க்காமல் டிரில்லைக் கையில் எடுத்தவர்கள் மேல்தான். விரிசலுக்குப் பசை போட்டு கிளாம்பில் இறுக்கி வைத்தேன். காடிகளை அகலப்படுத்தினேன். அந்த இரண்டாவது வேலைதான் முதல் நாளே நடந்திருக்க வேண்டியது.

நீங்கள் செய்ய வேண்டியது: கம்பியைத் தளர்த்திக் காடியிலிருந்து தூக்குங்கள். 2பி பென்சிலைக் கூராகச் சீவி காடிக்குள் நன்றாகத் தேய்த்துவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். லேசான சிக்கலுக்கு இது போதும். போதவில்லையென்றால், போட்டிருக்கும் கம்பியைவிடக் கொஞ்சம் மெல்லிய பழைய கம்பித் துண்டில் நைஸ் உப்புத்தாளைச் சுற்றி, காடியின் பக்கவாட்டை மட்டும் தேயுங்கள். காடி கீ பக்கம் லேசாகச் சரிந்து இறங்க வேண்டும். ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) பக்க விளிம்பில்தான் கம்பி தொட்டுக் கிளம்ப வேண்டும். அடியில் தேய்த்தீர்கள் என்றால் காடி ஆழமாகி, விரல் வைக்காமல் மீட்டும்போது கம்பி முதல் ஃப்ரெட்டில் பட்டு "ஜ்ஜ்" என்று இரையும். அப்படி ஆகிவிட்டால் ஆப்ப சோடாவைக் காடியில் கொஞ்சம் தூவி ஒரு சொட்டு ஃபெவிக்விக் விடுங்கள், கல்லாகிவிடும். அப்புறம் முதலிலிருந்து வெட்ட வேண்டியதுதான்.

லாக்கிங் கீ கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. கம்பி மாற்றுவது சீக்கிரம் முடியும், தண்டில் சுற்று குறையும். நட்டில் சிக்குகிற கம்பிக்கு அது மருந்து இல்லை, அவ்வளவுதான். கீயில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: தலையின் முன்பக்கம் தண்டைச் சுற்றி இருக்கும் அறுகோண மரை தளர்ந்திருக்கும். நிறைய மாடல்களுக்கு 10 எம்எம் ஸ்பேனர் பொருந்தும். பட்டும் படாமல் இறுக்குங்கள்.

மேலிருந்து இறக்கிச் சுருதி சேர்ப்பது

கியர் பற்களுக்கு நடுவில் எப்போதும் கொஞ்சம் இடைவெளி உண்டு. சுருதி அதிகமாகப் போய்விட்டது என்று அப்படியே இறக்கி நிறுத்தினால் அந்த இடைவெளி திறந்தே இருக்கும். இரண்டு பாட்டு முடிவதற்குள் கம்பி அதை எடுத்துக்கொண்டு சுருதி இறங்கிவிடும். தாண்டிப் போனால் நன்றாகக் கீழே இறக்கிவிட்டு, கீழிருந்து ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்துங்கள்.

கம்பியைச் சுற்றும் விதம்

வெட்ட மனசு வராமல் மிச்சக் கம்பி மொத்தத்தையும் தண்டில் சுற்றி வைக்கிறார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிய சுற்று இறுகிக்கொண்டே இருக்கும், சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். தடித்த கம்பிக்கு இரண்டு மூன்று சுற்று, மெல்லிய கம்பிக்கு மூன்று நான்கு. மேலிருந்து கீழாக, பக்கத்தில் பக்கத்தில். மாட்டியதும் பன்னிரண்டாம் ஃப்ரெட் பக்கத்தில் பிடித்து மெதுவாக இழுத்து விடுங்கள், திரும்பச் சுருதி சேருங்கள், இழுத்தும் இறங்காத வரை. மேடை ஏறுகிற அன்று சாயந்திரம் புதுக் கம்பி மாட்டாதீர்கள்.

மிதக்கும் பிரிட்ஜ்

உடம்பில் கம்பிகள் வந்து முடியும் உலோகக் கட்டைதான் பிரிட்ஜ். 1954-இல் ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டாரில் வந்த அமைப்பின் வாரிசுகள்தான் இன்று விலை குறைந்த கிட்டார்களிலும் இருக்கின்றன. முன்னால் கம்பி இழுக்கிறது, பின்னால் ஸ்பிரிங் இழுக்கிறது, நடுவில் பிரிட்ஜ் மிதக்கிறது. ஒரு கம்பியை ஏற்றினால் பிரிட்ஜ் கொஞ்சம் முன்னால் சாய்ந்து மற்ற ஐந்தும் இறங்கும். அதனால் ஒரே சுற்றில் சுருதி சேராது. ஆறையும் திரும்பத் திரும்பச் சுற்றி வர வேண்டும். இதைக் கோளாறு என்று நினைத்து எடுத்து வருகிறவர்கள் நிறைய.

தண்டையார்பேட்டை மேடை ஒன்றில் பாட்டு நடுவில் முதல் கம்பி அறுந்தது. மிச்ச ஐந்தும் ஒரே நேரத்தில் ஏறிவிட்டன. பாடகர் வாசிக்கிறவரை முறைக்கிறார், வாசிக்கிறவர் கீபோர்டுக்காரரை முறைக்கிறார். ஒரு கம்பியின் இழுப்பு போனதும் ஸ்பிரிங் ஜெயித்துவிட்டது, வேறொன்றும் இல்லை.

கம்பியின் தடிமனை மாற்றினால் பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இரண்டு பெரிய திருகுகளையும் சரிசெய்தாக வேண்டும். 9-42 இழுப்பது சுமார் 39 கிலோ, 10-46 என்றால் 47. அந்த வித்தியாசத்துக்கு ஸ்பிரிங் ஈடு கொடுக்காவிட்டால் பிரிட்ஜ் முன்னால் தூக்கிக்கொண்டு நிற்கும். பாரை நீங்கள் தொடவே மாட்டீர்கள் என்றால் திருகை இறுக்கி பிரிட்ஜை உடம்போடு படிய வைத்துவிடுங்கள். ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை பெரிதாக அசையாது.

எண்ணெய்

நட் காடி வழுக்கட்டும் என்று எண்ணெய் விடாதீர்கள். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், தையல் மிஷின் எண்ணெயும் வேண்டாம்.

ஈ கார்டைக் கேட்டு ஜி-யைத் திருத்துவது

இது காது நன்றாக உள்ளவர்கள் செய்யும் தப்பு. ட்யூனர் வைத்துச் சேர்த்தபின் ஈ மேஜர் பிடிக்கிறார்கள். ஜி கம்பியின் முதல் ஃப்ரெட் கொஞ்சம் உயரமாகக் கேட்கிறது. கீயை ஒரு நூல் இறக்குகிறார்கள், ஈ தேனாக ஒலிக்கிறது. அடுத்து ஜி கார்ட் பிடித்தால் பிசிறு. உடனே "கிட்டார் சரியில்லை". கிட்டார் சரியாகத்தான் இருக்கிறது. ஃப்ரெட் வைத்த கருவியில் ஸ்வரங்களைச் சம இடைவெளியில் பங்கு போட்டிருக்கிறார்கள். அதனால் மேஜர் கார்டின் மூன்றாவது ஸ்வரம், காது கேட்கிற சுத்தமான காந்தாரத்தைவிடச் சுமார் 14 சென்ட் உயரம் (அடுத்தடுத்த இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் 100 சென்ட்). ஒரு கார்டுக்காகத் திருத்தினால் இன்னொன்று கெடும். ட்யூனர் சொன்னதோடு விட்டுவிடுங்கள். ஃப்ரெட்டை இரும்புப் பிடியாக அமுக்குகிற பழக்கம் இருந்தால் அதைக் குறையுங்கள், அதனாலும் உயரம் ஏறுகிறது.

இன்டொனேஷன்

அது வேறு வியாதி. கம்பியைச் சும்மா மீட்டினால் சரி, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் உயரம் என்றால் சேடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் சின்னத் துண்டு) பின்னால் தள்ளுங்கள். இறக்கம் என்றால் முன்னால்.

உப்புக்காற்று

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் ஜன்னலோரம் கிட்டாரைத் தொங்கவிட்டிருக்கும் வீடுகளில் மெல்லிய கம்பிகள் மூன்றும் சீக்கிரமே கருத்து, விரலுக்குச் சொரசொரவென்று ஆகிவிடும். துரு ஏறிய கம்பியின் எடை நீளம் முழுக்க ஒரே சீராக இருக்காது. விரல் வைக்காத கம்பி ட்யூனரில் பச்சை காட்டும், மேலே போகப் போக ஒவ்வொரு ஃப்ரெட்டும் ஒவ்வொரு திசையில் ஓடும். அந்தக் கம்பியை எத்தனை தடவை சுருதி சேர்த்தாலும் வீண். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைத்து, உறையில் போட்டு மூடுங்கள்.

ஏசி அறையில் சுருதி சேர்த்து வெளியே வாசிப்பது

சூடானால் இரும்பு நீளும், சுருதி இறங்கும். மேடைக்கு முன்னாலேயே கிட்டாரை வெளியே எடுத்து, லைட் அடிக்கும் இடத்தில் ஸ்டாண்டில் வையுங்கள். மைக் டெஸ்டிங் முடிகிற நேரத்தில் அங்கேயே நின்று சேருங்கள்.