டவுன் ஓட்டத்துக்கு டபள் கெப் தேவையா? வாங்குமுன் அளந்து பாருங்கள்

மலையகத்தில் வாகனம் வாங்கப் போகிறவரிடம் "நம்ம ரோட்டுக்கு கெப்தான் சரி" என்று சொல்ல எப்போதும் ஓர் ஆள் இருப்பார். ஆனால் கண்டியிலிருந்து ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதியும், கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை வழியாக வரும் ஏ7 வீதியும் தார் வீதிகள். ஓல்டோ, வெகன் ஆர், ஓட்டோ எல்லாம் மழையிலும் பனியிலும் அவற்றில் ஏறி இறங்குகின்றன. இரண்டு வரிசைச் சீட்டும் பின்னால் திறந்த தட்டும் உள்ள டபள் கெப் வேண்டுமா என்பது மலையின் உயரத்தைப் பொறுத்ததல்ல. தார் முடிந்த இடத்திலிருந்து வாசல்வரை கிடக்கும் துண்டு ரோட்டையும் வழக்கமாக ஏற்றும் சுமையையும் பொறுத்தது. இரண்டையும் அளக்க முடியும். லீசிங் கம்பனிக்குப் போகுமுன் ஒரு டேப்பும் கொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சுமைக் கணக்கு

ஒரு மாதத்துக்கு ஒவ்வொரு பயணத்தையும் எழுதுங்கள்: எத்தனை பேர், எவ்வளவு பாரம், தார் எங்கே முடிந்தது. சீமெந்து மூட்டை 50 கிலோ, உர மூட்டை 50 கிலோ, பெரிய ஆள் ஒருவர் 65 கிலோ என்று போட்டால் போதும். மாத முடிவில் 300 கிலோவுக்கு மேல் ஏற்றிய நாட்களை எண்ணுங்கள். இரண்டு, மூன்று நாள்தான் என்றால் அந்த நாட்களுக்கு ஹயருக்கு ஒரு சின்ன பட்டா லொறி பிடித்துவிடலாம்; அதற்காக மற்ற நாட்களெல்லாம் இரண்டு தொன் இரும்பை இழுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

கெப் நிறைய ஏற்றும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். டபள் கெப் ஒன்றின் மொத்தச் சுமை மொடலைப் பொறுத்து ஏறக்குறைய 800 கிலோவிலிருந்து ஒரு தொன் வரை. ஐந்து பேர் ஏறினால் அதில் 325 கிலோ போய்விடும். பின் தட்டின் நீளமோ சுமார் 5 அடிதான், ஏனென்றால் இரண்டாவது சீட்டுக்கு இடம் கொடுத்தது அந்தத் தட்டு. 8 அடிக் கூரைத் தகரம் வாங்கினால் 3 அடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். டாட்டா ஏஸ், அதாவது நம் ஊர் டிமோ பட்டா, சுமார் முக்கால் தொன் ஏற்றும். தட்டு ஏறக்குறைய 7 அடி. ஆகவே கந்தப்பளையிலோ வெலிமடையிலோ லீக்ஸ், கரட் மூட்டை ஏற்றுவதுதான் முதல் வேலை என்றால் பட்டா அல்லது ஒரு வரிசைச் சீட்டு மட்டும் உள்ள சிங்கிள் கெப்தான் பொருந்தும். நாலைந்து வேலையாட்களையும் சாமான்களையும் ஒரே நேரத்தில் மண் ரோட்டில் கொண்டுபோகிறவருக்குத்தான் டபள் கெப் உண்மையிலேயே பயன்.

கடைசித் துண்டு ரோட்டை அளப்பது

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போங்கள். காய்ந்த ரோடு பொய் சொல்லும்.

முதல் அளவு, நடு மேடு. டயர் ஓடும் தடம் இரண்டும் பள்ளமாகி நடுவில் புல்மேடு நிற்கும் அல்லவா, அதன் மேல் ஒரு நேரான பலகையைக் குறுக்கே வையுங்கள். பலகையிலிருந்து டயர் தடம்வரை எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். ஓல்டோ 800இன் அடிவயிற்றுக்கும் நிலத்துக்கும் உள்ள இடைவெளி 16 செ.மீ.; நான்கு பேர் ஏறினால் அதில் மூன்று, நான்கு செ.மீ. இறங்கிவிடும். ஆழம் 10 செ.மீ.க்குக் குறைவென்றால் சின்னக் கார் தாராளமாகப் போகும். 10 முதல் 13 வரை என்றால் எஞ்சின் ஒயில் தேங்கும் சம்ப்புக்கு அடியில் இரும்புத் தகடு ஒன்று அடித்துக்கொள்ள வேண்டும். 13க்கு மேல் என்றால் கெப் அல்லது ஜிம்னி போன்ற உயர்ந்த வாகனம் வேண்டும். மேடு ஐம்பது, அறுபது அடி நீளம்தான் என்றால் இன்னொரு வழி உண்டு: தோட்ட நிர்வாகத்திடம் கேட்டுவிட்டு மண்வெட்டியால் மேட்டைச் செதுக்கி, பக்கத்துக் கானைத் திறந்துவிடுவது. தடம் பள்ளமாவதே கான் அடைபட்டு மழைத்தண்ணீர் ரோட்டில் ஓடுவதால்தான். லீசிங் தவணையை விட அரை நாள் கூலி மலிவு.

இரட்டைக் கொங்கிரீட் கீற்று போட்ட லயத்து ரோடு என்றால் கீற்றின் நடுவிலிருந்து மற்றக் கீற்றின் நடுவரை அளந்து பாருங்கள். பெரும்பாலும் அவை லொறிக்கும் ட்ரக்டருக்கும் போட்டவை. கெப்பின் இடது, வலது டயர்களுக்கு இடையில் சுமார் 1.5 மீற்றர், சின்னக் காரில் சுமார் 1.3 மீற்றர். சின்னக் கார் கீற்றின் உள் விளிம்பை ஒட்டியே ஓடும். அந்த விளிம்பு உடைந்திருந்தால் டயர் நழுவி நடுப்பள்ளத்தில் விழும், கதவுக்கு அடியில் உள்ள பகுதி கொங்கிரீட்டில் உரசும். இது கெப்புக்குச் சாதகமான இடம்.

அகலத்தில் கதை மாறுகிறது. டொயோட்டா ஹைலக்ஸ் டபள் கெப் 5.3 மீற்றர் நீளம், 1.85 மீற்றர் அகலம். இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் 2 மீற்றரைத் தாண்டும். ஜப்பான் வெகன் ஆர் 3.4 மீற்றர், 1.48 மீற்றர். ஒரு பக்கம் தேயிலைக் கரை, மறுபக்கம் கான் என்று 3 மீற்றர் ரோட்டில் கொழுந்து லொறி எதிரே வந்தால் வெகன் ஆர் ஏதாவது ஒரு வாசலில் ஒதுங்கிவிடும். கெப் அகலமான இடம் வரும்வரை பின்னுக்குப் போக வேண்டும், அதுவும் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு. திரும்பும் வட்டத்தின் குறுக்களவு ஹைலக்ஸுக்கு ஏறக்குறைய 12.8 மீற்றர், ஓல்டோவுக்கு 9.2 மீற்றர். உங்கள் லயத்து வளைவை ஓல்டோ ஒரே திருப்பில் எடுக்கும் இடத்தில் கெப் நின்று, பின்னுக்கு எடுத்து, மறுபடி திரும்பும். ஏற்றத்தில் இதைத் தினமும் இரண்டு வேளை செய்தால் கிளட்ச் தகடு சீக்கிரம் கருகும்.

வாசலிலும் ஓர் அளவு எடுக்க வேண்டும். ஒரு மீற்றர் கம்பில் துணியைக் கட்டிப் பொனட்டுக்கு முன்னால் நிறுத்துங்கள். ஓட்டுநர் சீட்டில் இருந்து துணி கண்ணில் படும்வரை கம்பை முன்னால் நகர்த்தச் சொல்லுங்கள். அந்த இடைவெளிக்குள் ஒரு சின்னப் பிள்ளை நின்றால் தெரியாது. லயத்து வாசலில் பிள்ளைகள் விளையாடுவது வழக்கம் என்பதால் இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

ஃபோர்வீல் எதைச் செய்யும், எதைச் செய்யாது

ஃபோர்வீல் என்றால் நான்கு சக்கரமும் இழுப்பது; ஏறும்போது இழுவை கொடுக்கும், அவ்வளவுதான். பிரேக் பிடிக்கும் தூரத்தை அது குறைக்காது. மண்சரிவில் ரோடே போய்விட்டால் எந்த வாகனமும் போகாது. அந்த மாதிரி நாளில் பார்க்க வேண்டியது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையை.

இங்கே ஓடும் டபள் கெப்களில் பெரும்பாலானவை தேவைப்படும்போது மட்டும் போடும் ஃபோர்வீல் வகை. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களை விட நீண்ட தூரம் ஓட வேண்டும். இந்த வகையில் அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க நடுவில் டிஃபரன்ஷல் இல்லை. காய்ந்த தாரில் 4எச் (சாதாரண வேகத்துக்கான ஃபோர்வீல் நிலை) போட்டால் வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல் வளைவில் முறுகும். டயர் தேயும், ட்ரான்ஸ்ஃபர் பெட்டியும் சாஃப்ட் குரோஸும் அடிபடும். சேறு, சரளை, நனைந்த புல் ஆகியவற்றில் மட்டும் போடுங்கள். 4எல் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓடும் நிலை) போடுவதென்றால் வண்டியை நிறுத்தி நியூட்ரலுக்கு வர வேண்டும். ஒரேயடியாகப் போடாமல் விட்டாலும் கெடுதல், முன் பக்கத்தில் ஒயில் ஓடாது. மாதம் ஒருமுறை மண் ரோட்டிலோ ஈர ரோட்டிலோ 16 கிலோமீற்றர் ஓட்டினால் சரி.

வெறும் கெப்பின் வால் இலேசானது. ஒரு தொன் தாங்கச் செய்த பட்டை வில்கள் பாரமில்லாமல் துள்ளும். மழை நாளில் வளைவில் பின் பக்கம் வழுக்கும். பாரம் இறக்கியதும் பின் டயர் காற்றைக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் குறைக்க வேண்டும். அனேகர் செய்வதில்லை. மழைக்காலத்தில் 100 முதல் 150 கிலோ மணல் மூட்டையைப் பின் அச்சுக்கு மேலே வைத்துக் கட்டுவதும் உதவும். கட்டாமல் வைத்தால் திடீர் பிரேக்கில் அது கெப்பின் பின் கண்ணாடிக்கு வந்துவிடும். அழகுக்காகப் போடும் பெரிய சேற்று டயர் ஈரத் தாரில் பிடிப்புக் குறைந்தது. மாதத்துக்கு ஒருநாள் சேற்றில் போகிறவருக்கு அது வேண்டாம்.

இறக்கம்

இரண்டு தொன் கெப்பை நிறுத்த, 750 கிலோ காரை நிறுத்துவதைவிட இரண்டரை மடங்குக்கு மேல் சூடு பிரேக்கில் பிறக்கும். 2023 ஜனவரியில் பெரிய விபத்து நடந்த நானுஓயா–ரதல்ல குறுக்கு வீதி போன்ற இறக்கங்களில் எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஒட்டோ கியர் என்றால் எல் அல்லது எஸ். புது டொட் 4 பிரேக் ஒயில் 230 பாகையில்தான் கொதிக்கும், ஈரம் குடித்த பிறகு 155 பாகையிலேயே கொதித்துவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பெடல் மெத்தென்று கீழே போனால் ஓரம் கட்டி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வளைந்துவிடும்.

எஞ்சினும் எண்ணெயும்

உயரத்தில் கெப்புக்கு ஒரு நியாயமான வாதம் உண்டு. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் ஏறக்குறைய 10 வீதம் பலத்தை இழக்கும். 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் 660 சீசீ கார் நான்கு பேருடன் மூச்சு வாங்குவது அதனால்தான். டர்போ டீசல் கெப் இதை அவ்வளவாக உணராது. ஆனால் 1,000 சீசீக்கு மேற்பட்ட கார் அல்லது டர்போ உள்ள 660 போதும்.

புதிய டீசல் கெப்களில் புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. டவுனுக்குள்ளேயே இரண்டு, மூன்று கிலோமீற்றர் ஓடி நிறுத்தினால் அது சூடாகிக் கரியை எரிக்க நேரம் கிடைக்காது. விளக்கு எரியும், பலம் குறையும். வாரம் ஒருமுறை 20 நிமிடமாவது நிற்காமல் நீண்ட ஏற்றத்தில் ஓட்டுங்கள், சுப்பர் டீசல் அடியுங்கள்.

மாதம் 1,000 கிலோமீற்றர், மலை ரோட்டில் கெப் லீற்றருக்கு 9, சின்னக் கார் 15 என்று வைத்தால் 111 லீற்றரும் 67 லீற்றரும். 2022இல் எரிபொருளைப் பங்கிட்ட கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் கிடைத்த காலத்தை நினைத்தால் இந்த 44 லீற்றரின் பெறுமதி தெரியும்.

கெப்தான் என்று முடிவானால்

பழையது வாங்கும்போது தோட்ட வேலைக்கு ஓடியதா என்பதை அடியில் படுத்துப் பாருங்கள். பின் டிஃபரன்ஷல் ஒயிலைக் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள். பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. முன் சாஃப்ட்டின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா, பட்டை வில் புஷ் தேய்ந்து வண்டி ஒரு பக்கம் சாய்கிறதா, சேசியில் புது வெல்டிங் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக ஒரு சரளை இடத்துக்குக் கொண்டுபோய் 4எல் போடுங்கள். விளக்கு மட்டும் எரிந்து முன் சக்கரம் இழுக்காவிட்டால் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.