கார்கோ வேனில் இன்னும் காசு நிற்குமா? எக்ஸ்பெடைட் ஓட்ட இறங்குபவர்கள் செய்யும் தவறுகள்

"அண்ணே, ஒரு வேன் எடுத்து எக்ஸ்பெடைட் ஓட்டலாம்னு இருக்கேன். மைலுக்கு ஒன்றரை டாலர் தர்றாங்களாமே?"

அமெரிக்காவில் இருக்கும் தம்பிமார் யாராவது ஒருவரிடமிருந்து மாதத்துக்கு ஒரு முறையாவது இந்த போன் வந்துவிடுகிறது. நான் ஒஹையோவில் இரண்டு வருடம் வேன் ஓட்டியவன். இப்போது ஓட்டுவதில்லை, ஆனால் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் உறவினர்கள் இருவரின் வரவு செலவை நான்தான் எழுதுகிறேன். எனவே பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காசு நிற்கும். அந்த ஒன்றரை டாலரை மட்டும் பார்த்து இறங்கியவருக்கு நிற்காது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. எக்ஸ்பெடைட் என்றால் அவசரச் சரக்கு. ஒரு கார் ஆலையில் ஏதோ ஒரு சின்ன பாகம் தீர்ந்துபோய் லைன் நிற்கப் போகிறது. அதைச் செய்பவர் 400 மைல் தள்ளி இருக்கிறார். பெரிய லாரி நிறையும்வரை காத்திருக்க நேரமில்லை. இரண்டு பேலட்டுக்காக (சரக்கை அடுக்கும் மரத்தட்டு) ஒரு தனி வேன் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பும். ஆலைகள் கிடங்கில் சரக்கைக் குவித்து வைக்காமல், வேண்டியபோது வரவழைக்கும் முறைக்கு மாறியதால் தழைத்த தொழில் இது. அதனால்தான் மிஷிகன், ஒஹையோ, இந்தியானா, கென்டக்கி, எல்லைக்கு அந்தப் பக்கம் ஒன்டாரியோ, தெற்கே டெக்சஸின் லரேடோ என்று கார்த் தொழில் போகிற இடமெல்லாம் இதுவும் கூடவே போகிறது. இன்றைய ஃபெடெக்ஸ் கஸ்டம் கிரிட்டிக்கல், ஒஹையோவின் ஆக்ரனில் ராபர்ட்ஸ் எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் இருந்ததுதான். பக்கத்து ஊரான மெடினாவைச் சேர்ந்த பேந்தர் நிறுவனத்தை, இன்று ஆர்க்பெஸ்ட் என்று அழைக்கப்படும் நிறுவனம் 2012-ல் 18 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. ஆக, இது நேற்று முளைத்த தொழில் அல்ல. நேற்று முளைத்தது கூட்டம்தான்.

லோடு மைலை மட்டும் எண்ணுவது

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான். சரக்குக்காரருக்கும் வண்டிக்காரருக்கும் நடுவே நிற்கும் புரோக்கர் "600 மைல், 720 டாலர்" என்பார். மைலுக்கு 1.20. கேட்க நன்றாகத்தான் இருக்கும். அந்த லோடை எடுக்க நீங்கள் காலியாக ஓடிய 120 மைலையும், இறக்கிய பிறகு அடுத்த லோடு கிடைக்கும் ஊருக்குப் போன 180 மைலையும் அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் 900 மைலுக்கு 720 டாலர், அதாவது மைலுக்கு 80 சென்ட்.

ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் என் அனுமானம்தான், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். லோடு மைல் 1,400, காலி மைல் 600. லோடு மைலுக்கு 1.20 வீதம் கைக்கு வருவது 1,680 டாலர். மொத்தம் 2,000 மைல் ஓட, கேலனுக்கு 16 மைல் தரும் வேனுக்கு 125 கேலன். கேலன் 3.20 என்றால் 400 டாலர். இன்சூரன்ஸ் வாரத்துக்கு 200. டயர், ஆயில், பிரேக், ரிப்பேர் என்று மைலுக்கு 10 சென்ட் ஒதுக்கினால் இன்னொரு 200. சுங்கம், சாப்பாடு, போன் 120. இப்போது கையில் 760 டாலர் மிச்சம். பெரும்பாலானவர்கள் கணக்கை இங்கேயே மூடிவிட்டு, "வாரம் 760 நிற்குது" என்று ஊரெல்லாம் சொல்வார்கள்.

வண்டி தேய்வதை யார் கணக்கெடுப்பது? 50,000 டாலருக்கு வாங்கிய வேனை 3,00,000 மைல் ஓட்டி 8,000 டாலருக்கு விற்கிறீர்கள் என்றால் 42,000 டாலர் சாலையில் கரைந்திருக்கிறது. மைலுக்கு 14 சென்ட், அந்த வாரத்துக்கு 280 டாலர். உண்மையில் நின்றது 480. ஆறு நாள் வீட்டைவிட்டு வண்டியிலேயே படுத்துக் கிடந்ததற்கு நாளுக்கு 80 டாலர், அதுவும் வரிக்கு முன்னால்.

அதே வேன், அதே ஆள். காலி மைலை 250 ஆகக் குறைத்து, லோடைக் கொஞ்சம் பொறுக்கி எடுத்து 1.40 வாங்கினால் வரவு 1,960. டீசலோ பெட்ரோலோ 330, இன்சூரன்ஸ் 200, ரிப்பேர் 165, தேய்மானம் 231, இதர செலவு 120. மிச்சம் 914. ஓடியது குறைவு, நின்றது கிட்டத்தட்ட இரட்டிப்பு. இதனால்தான் "எவ்வளவு ஓடினே?" என்று கேட்பவர்களிடம் எனக்குப் பேச்சே இருக்காது.

வாரன்டியை நம்பி புது வேன் எடுப்பது

புது ஃபோர்டு ட்ரான்சிட்டுக்கு எஞ்சின், கியர் பகுதிக்கான வாரன்டி 5 வருடம் அல்லது 60,000 மைல், எது முதலில் வருகிறதோ அது. வாரம் 2,000 மைல் ஓட்டுபவருக்கு அந்த 60,000 மைல் ஏழே மாதத்தில் முடிந்துவிடும். கடனோ இன்னும் நாலைந்து வருடம் பாக்கி. வாரன்டி முடிந்த வண்டிக்குத் தவணையும் கட்டி, ரிப்பேரும் பார்ப்பவரைத்தான் இந்தத் தொழில் முதலில் விழுங்கும்.

மெர்சிடஸின் டீசல் ஸ்பிரிண்டர் நல்ல வண்டி, நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் புகைக் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு சென்சார் போனாலே, வேகத்தைக் குறைத்துக்கொண்டு பட்டறை தேட வைக்கும். நெடுஞ்சாலை நடுவே, வெள்ளிக்கிழமை மாலை, அதைப் பார்க்கத் தெரிந்த பட்டறை எத்தனை மைலில் இருக்கிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள். ட்ரான்சிட்டுக்கும் ராம் நிறுவனத்தின் ப்ரோமாஸ்டருக்கும் எந்தச் சின்ன ஊரிலும் கை வைக்க ஆள் கிடைப்பார்.

"சின்ன வண்டிதானே, எதுக்கு பேப்பர்?"

வேனுக்கு, பெரிய லாரி ஓட்டுபவர்களுக்கான சிடிஎல் உரிமம் வேண்டாம், அது சரி. அதைக் கேட்டுவிட்டு வேறு எதுவுமே வேண்டாம் என்று முடிவுகட்டுவதுதான் தவறு. வாடகைக்கு அடுத்தவர் சரக்கை மாநிலம் விட்டு மாநிலம் சொந்தப் பெயரில் கொண்டுபோனால், வண்டி எவ்வளவு சின்னதானாலும் லாரிப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான எஃப்எம்சிஎஸ்ஏவின் அத்தாரிட்டி, அதாவது அனுமதி வேண்டும். எம்சி எண் என்று சொல்கிறோமே, அதுதான். விண்ணப்பக் கட்டணம் 300 டாலர். சட்டப்படி 10,001 பவுண்டுக்குக் கீழ் உள்ள வண்டிக்குக் குறைந்தபட்ச விபத்துக் காப்பு 3,00,000 டாலர் போதும். நடைமுறையில் பெரும்பாலான புரோக்கர்கள் 10 லட்சம் டாலர் விபத்துக் காப்பும் ஒரு லட்சம் டாலர் சரக்குக் காப்பும் இல்லாமல் பேசவே மாட்டார்கள். புது அத்தாரிட்டிக்கு இன்சூரன்ஸ்காரர் சொல்லும் தொகையைக் கேட்டு மயங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். வேன் வாங்கிய பிறகு அதைக் கேட்பதைவிட, வாங்குவதற்கு முன்னால் கேட்பது நல்லது. சொந்தக் கார் பாலிசியை வைத்து ஓட்டிவிடலாம் என்று நினைத்தால், விபத்தன்று கைவிரிப்பார்கள். கூலிக்குச் சரக்கு ஏற்றுவதைப் பொதுவாக அந்தப் பாலிசிகள் ஏற்பதில்லை.

இன்னொரு பொறி. 10,001 பவுண்டுக்குக் கீழே இருந்தால்தான், அபாயப் பலகை மாட்ட வேண்டிய சரக்கு ஏற்றாதவரை, லாரிக்காரர்களின் ஓட்டுநேர விதியிலிருந்து வேனுக்கு விலக்கு. இது வண்டியின் இன்றைய எடை மட்டும் அல்ல. கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள ஜிவிடபிள்யுஆர் எண் (சரக்கோடு சேர்த்து வண்டிக்கு அனுமதித்த உச்ச எடை), உண்மையான எடை, இரண்டில் எது அதிகமோ அதுதான் கணக்கு. ஸ்பிரிண்டர் 3500 வகையில் 9,990 பவுண்டும் உண்டு, 11,030 பவுண்டும் உண்டு. "கூடுதலா லோடு தாங்கும்" என்று இரண்டாவதை வாங்கிவிட்டு, ஓட்டுநேரப் பதிவு முதல் மருத்துவச் சான்று வரை ஒவ்வொன்றாகத் தலையில் ஏறிய பிறகு புலம்பியவர் எனக்குத் தெரிந்து ஒருவர் இருக்கிறார்.

விலக்கு இருக்கிறது என்பதற்காகத் தூங்காமல் ஓட்டுவதை என்ன சொல்ல! லாரிக்காரருக்கு 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று சட்டம் கையைப் பிடித்து நிறுத்துகிறது. வேன்காரரை நிறுத்த யாருமில்லை. லரேடோவிலிருந்து டெட்ராய்ட் 1,600 மைலுக்கும் மேல். அதை ஒற்றை ஆளாக நிற்காமல் கொண்டுவா என்று கேட்கும் டிஸ்பாட்சர் (லோடு ஒதுக்குபவர்) உண்டு, சரி என்று தலையாட்டும் டிரைவரும் உண்டு. நானும் ஒருமுறை ஆட்டியிருக்கிறேன். ஆர்கன்சாவில் எந்த இடத்தைக் கடந்தேன் என்பது இன்றுவரை நினைவில் இல்லை. அப்புறம் ஆட்டவில்லை.

அளவு கேட்காமல் கிளம்புவது

இது என் சொந்தக் கதை. "ரெண்டு ஸ்கிட், 2,200 பவுண்டு" என்று ஒரு புரோக்கர் சொன்னார். ஸ்கிட் என்றால் பேலட்தான். வழக்கமான 48-க்கு 40 அங்குலம்தானே என்று 140 மைல் காலியாகப் போனேன். போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றும் 60 அங்குல அகலம். என் ப்ரோமாஸ்டரில் சக்கர மேடுகளுக்கு நடுவே 56 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. போர்க்லிஃப்ட்காரர் ஒரு பார்வை பார்த்தார், நானும் பார்த்தேன், அவ்வளவுதான். வண்டியை வரவழைத்துவிட்டு ஏற்றாமல் விட்டால் டோனு என்று ஒரு தொகை தருவார்கள். எனக்கு அதுவும் வரவில்லை, ஏனென்றால் விலையை உறுதிசெய்யும் தாளான ரேட் கன்ஃபர்மேஷனில் அளவு எழுதப்படவே இல்லை. நீளம், அகலம், உயரம், எடை, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கலாமா, ஏற்றுமிடத்தில் டாக் (லாரியை ஒட்டி நிறுத்தும் மேடை) மட்டும்தானா அல்லது தரையிலிருந்து போர்க்லிஃப்ட் வருமா. லாரி டாக் சுமார் 48 அங்குல உயரம், வேனின் தளம் அதைவிட நன்றாகவே தாழ்வு. இதையெல்லாம் எழுத்தில் வாங்காமல் சாவியைத் திருகாதீர்கள்.

2021-ஐ நினைத்து இன்று இறங்குவது

கொரோனாவுக்குப் பிறகு சிப் தட்டுப்பாடு, துறைமுக நெரிசல் எல்லாம் சேர்ந்தபோது எல்லாச் சரக்கும் அவசரச் சரக்கானது. வேன்காரர் கேட்ட விலை கிடைத்தது. அந்த வருமானத்தை யூடியூபில் காட்டியவர்களைப் பார்த்து, ஸ்டிக்கர் விலைக்கு மேலேயே கொடுத்து வேன் எடுத்தார்கள். 2022-ல் ஸ்பாட் விலை (அன்றன்றைய சந்தை விலை) இறங்கத் தொடங்கியபோது லோடு குறைந்தது, வேன் குறையவில்லை. இன்று இணையத்தில் லோடுகளைப் பட்டியலிடும் லோடு போர்டில் ஒரு லோடு ஏறினால் நிமிடத்துக்குள் பத்து வேன் கை தூக்கும். விலையை இறக்க அது போதும்.

காலண்டரும் முக்கியம். ஜூலை 4-ஐ ஒட்டியும் கிறிஸ்துமஸை ஒட்டியும் பல கார் ஆலைகள் மூடப்படும், டெட்ராய்ட் வட்டாரத்தில் போன் அடிக்காது. 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கி ஆறு வாரத்துக்கு மேல் நீடித்த, கார்த் தொழிலாளர் சங்கமான யுஏடபிள்யுவின் வேலைநிறுத்தத்தின்போது ஒரே ஆலையின் லோடை நம்பியிருந்தவர்கள் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவைத்திருந்தார்கள். வரைபடத்தையும் பாருங்கள். புளோரிடாவுக்கு நல்ல விலையில் லோடு கிடைக்கும். அங்கே வாங்குகிறவர்கள் அதிகம், வெளியே அனுப்புகிறவர்கள் குறைவு. திரும்பும்போது அரைவிலைக்கு ஏற்றுவீர்கள், இல்லையென்றால் ஜார்ஜியா வரை காலியாக வருவீர்கள். போகிற லோடுக்கு விலை பேசும்போதே திரும்புகிற காலி மைலையும் சேர்த்துப் பேச வேண்டும்.

பணம் வருகிற வழியும் போகிற வழியும்

புரோக்கர் 30, 45 நாள் கழித்துப் பணம் தருவார். பெட்ரோலுக்கு இன்றே வேண்டும். அதனால் பில்லை ஃபாக்டரிங் நிறுவனத்துக்கு விற்கிறோம், அவர்கள் நூற்றுக்குச் சில டாலர் பிடித்துக்கொள்வார்கள். மெலிந்த லாபத்தில் அது பெரிய கடி. இரண்டு மாதச் செலவுக்குக் கைப்பணம் இல்லாமல் இறங்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். ஒரு புரோக்கரிடம் வாங்கிய லோடை ரகசியமாக இன்னொரு வண்டிக்கு விற்கும் மோசடியும் பெருகியிருக்கிறது. லோடு கொடுப்பவரின் எம்சி எண்ணை எஃப்எம்சிஎஸ்ஏவின் இணையதளத்தில் பாருங்கள், அங்கே இருக்கும் தொலைபேசி எண்ணுக்கு நீங்களே திருப்பிக் கூப்பிடுங்கள். புரோக்கர்கள் வைத்திருக்க வேண்டிய 75,000 டாலர் பாண்டு, அதாவது பிணைத்தொகை, பாதுகாப்புதான், ஆனால் ஒரே புரோக்கர் நூறு பேருக்குப் பாக்கி வைத்துவிட்டு ஓடினால் உங்கள் பங்கு என்ன ஆகும் என்று பாருங்கள்.

வரி விஷயத்தில் முதல் வருடமே தேர்வு செய்ய வேண்டும். ஓடிய மைலுக்கு இவ்வளவு என்று கழிப்பது ஒரு முறை, 2025-க்கு அது 70 சென்ட்டாக இருந்தது. உண்மைச் செலவைக் கழிப்பது இன்னொரு முறை. மைல் முறையை முதல் வருடம் விட்டால் அந்தச் சொந்த வண்டிக்குப் பிறகு எடுக்க முடியாது. அதிக மைல் ஓடும் வேனுக்குப் பெரும்பாலும் அதுவே லாபம், ஆனால் அதை எடுத்தால் பெட்ரோல், ரிப்பேரைத் தனியாகக் கழிக்கக் கூடாது. சுங்கத்தைக் கழிக்கலாம். காலி மைலுக்கும் கழிவு உண்டு, அதனால் ஓடோமீட்டரை எழுதி வையுங்கள். சுயதொழில் வரி 15.3 சதவீதம் தனி.

நம்மவர்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. எச்-1பி விசாவில் இருந்துகொண்டு வார இறுதியில் வேன் ஓட்டுவது அனுமதியில்லாத வேலை, நண்பர் பெயரில் வண்டி இருந்தாலும் அதேதான். டொராண்டோ பக்கமிருந்து கனடா வேனில் டெட்ராய்ட் வருபவர்கள், அமெரிக்காவின் ஒரு ஊரில் ஏற்றி இன்னொரு ஊரில் இறக்க முடியாது. எல்லை தாண்டும் லோடு மட்டும்தான்.

யாருக்குத்தான் நிற்கிறது? நான் கணக்கெழுதும் இருவரில் ஒருவர் கேரியர் (சரக்குப் போக்குவரத்து நிறுவனம்) ஒன்றிடம் வேனை இணைத்து ஓட்டுகிறார். அத்தாரிட்டி, பெரும்பகுதி இன்சூரன்ஸ், லோடு தேடல் எல்லாம் அவர்கள் பாடு, அதற்குக் கட்டணத்தில் ஒரு பங்கு போகிறது. இறங்குவதற்கு முன்னால், அதே கேரியரில் அதே அளவு வேன் ஓட்டும் மூன்று பேரின் செட்டில்மென்ட் சீட்டுகளை (கேரியர் கொடுத்த பணத்தின் கணக்கு)க் கேட்டு வாங்கிப் பார்த்தார். காட்ட மறுத்த இரண்டு கேரியர்களை விட்டுவிட்டார். இன்னொருவர் புரோக்கர் பக்கமே போவதில்லை. வீட்டிலிருந்து 250 மைலுக்குள் இருக்கும் நான்கு சின்ன ஆலைகளின் ஷிப்பிங் ஆட்களிடம் தன் நம்பரைக் கொடுத்துவைத்திருக்கிறார், பெரும்பாலான இரவுகள் வீட்டில்தான் தூங்குகிறார். வேன் 2019 மாடல், 2,60,000 மைல் ஓடியிருக்கிறது, கடன் இல்லை.